பூண்டுச் சோறும் எச்சில் கையும்

அந்தச் சனிக்கிழமை காலை, ஃப்ராவ் லென்ஸின் கடைக்குள் நுழைந்ததும் நான் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். இதையெல்லாம் ஒரு விஷயமென்று எழுதுகிறானே என்று நினைப்பீர்கள். ஒன்றரை வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் அந்தக் கடைக்குப் போனவன் நான். ஒரு நாளும் கோட்டைக் கழற்றியதில்லை. அன்றுதான் முதல் தடவை.

பின்கட்டு ஜன்னல் முழுக்க ஆவி படிந்திருந்தது. எண்ணெயில் பூண்டு சிவந்துகொண்டிருந்தது. அடுப்பருகில் நின்ற மிலா கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள்.

"கோட்டைக் கழட்டிட்டியே?"

"இன்னிக்கு ஓடப் போறதில்லை. கடைசி வரைக்கும் உக்காந்து சாப்பிடப் போறேன்."

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. வாணலியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். பூண்டு தீய்ந்துவிடும் என்ற கவலை போலும் என்று எடுத்துக்கொண்டேன். அந்த வயதில் எனக்கு எல்லாமே எனக்குச் சௌகரியமான விதத்தில்தான் புரியும்.

அன்று அவளிடம் கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா என்று. அதற்காகத்தான் ஆய்வுக்கூடத்தில் ஒருவன் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, என் முறையை அவன் தலையில் கட்டிவிட்டு வந்திருந்தேன். ராத்திரி சம்பத்தின் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தும் ஆயிற்று.

அந்தக் காலை எப்படி முடிந்தது என்பதற்கு வருகிறேன். அதற்குள் சிலதைச் சொல்லியாக வேண்டும்.

செங்கல் தின்ற காலம்

அறுபதுகளின் கடைசியா, எழுபது பிறந்துவிட்டதா என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. குளிர்காலங்களை வைத்துத்தான் எனக்குக் கணக்கு. தூத்துக்குடியிலிருந்து உலோகவியல் படிக்க ஜெர்மனியில் ஆஹெனுக்குப் போனவன் நான். அங்கே ஆய்வுக்கூடத்தில் ஒரு மின் உலை. சனிக்கிழமை காலை சரியாக ஒன்பது மணிக்கு அதன் வெப்பநிலையைப் பார்த்துக் குறித்துவைப்பது என் பொறுப்பு. பேராசிரியருக்கு ஒன்பது என்றால் ஒன்பதுதான். ஒன்பதே கால் என்பது அவர் அகராதியில் மறுநாள்.

அறைத்தோழன் சம்பத் கும்பகோணத்துக்காரன். முட்டைகூடத் தொடமாட்டான். எங்கள் காலைச் சாப்பாடு கறுப்பு ரொட்டியும் வெண்ணெயும். அந்த ரொட்டியை அவன் செங்கல் என்பான். "மேஸ்திரி வேலைக்கு வந்திருக்கலாம்டா. இதை வச்சு ஒரு வீடாவது கட்டியிருப்போம்" என்று புலம்பிக்கொண்டே மெல்லுவான்.

ஒரு சனிக்கிழமை பால் வாங்கப் போனவன் பால் இல்லாமல் ஓடிவந்தான்.

"டேய் மணி, ஹாஸ்பிடலுக்குப் பின்னாடி அந்த மூலைக் கடை இருக்குல்ல? அங்க சோத்து வாசனை வருதுடா. பூண்டு போட்டு வதக்கறாங்க. ப்ராமிஸா."

"உனக்கு ஹோம்சிக். மூக்கு பொய் சொல்லுது" என்றேன். ஆனால் ஷூவை மாட்டிக்கொண்டேதான் சொன்னேன்.

மூன்றாம் தடவை

மூக்கு பொய் சொல்லவில்லை. முன்பக்கம் நாலு மேசை போட்ட சாதாரணக் கடை அது. அந்த வட்டாரத்து ஆட்கள் வேலைக்குப் போகிற வழியில் காப்பியும் சின்ன ரொட்டியும் வேகவைத்த முட்டையும் சாப்பிட்டுப் போவார்கள். சனிக்கிழமை மட்டும் ஒன்பதரைக்குத்தான் திறப்பு. அதுவரை பின்கட்டு அடுப்பை மிலாவிடம் விட்டிருந்தார் கடைக்காரம்மா ஃப்ராவ் லென்ஸ்.

மிலா பிலிப்பைன்ஸ்காரி. அக்கா தெஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அக்காவின் பின்னாலேயே வந்த தங்கை, கடைச் சமையலறையில் வேலை. இரவு வேலை முடித்து வரும் அவர்கள் ஊர் நர்ஸுகள் ஐந்தாறு பேருக்குச் சனிக்கிழமை காலைச் சாப்பாடு அவள் கையால்தான். அக்காவை அவர்கள் 'ஆத்தே' என்று கூப்பிடுவார்கள். எங்கள் பக்கத்தில் அது வாயைப் பிளக்கும்போது சொல்கிற சொல். முதல் நாள் "ஆத்தே! ஆத்தே!" என்ற சத்தம் கேட்டு உள்ளே ஏதோ விபரீதம் என்று நினைத்தேன்.

கதவோரம் திருதிருவென்று நின்ற எங்களைப் பார்த்து, வாங்க சாப்பிடலாம் என்றார்கள். வேண்டாம் என்றோம். மறுபடியும் கூப்பிட்டார்கள். பரவாயில்லை என்றோம். இரண்டு தடவை மறுத்து மூன்றாம் தடவை உட்காருவதுதானே நமக்கு மரியாதை? ஜெர்மன்காரர்களிடம் இதை நம்பிப் பல தடவை பட்டினி கிடந்திருக்கிறோம். ஒரு தடவை வேண்டாம் என்றால் அவர்கள் தட்டை உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். இவர்கள் மூன்றாம் தடவையும் கேட்டார்கள். சம்பத் எனக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டான்.

முந்தின நாள் மிஞ்சிய சோறு. அதைக் கையால் உதிர்த்து, பூண்டு சிவந்த எண்ணெயில் கொட்டிப் புரட்டி, உப்பு. அவ்வளவுதான். சினங்காக் என்று பெயர் சொன்னாள் மிலா. பக்கத்தில் பொரித்த முட்டை, தக்காளித் துண்டு, பூண்டும் மிளகாயும் நசுக்கிப் போட்ட வினிகர். நடுவில் ஒரு தட்டு நிறையப் பொரித்த கருவாடு. மணிலாவிலிருந்து பார்சலில் வந்தது. எங்கள் சாளைக் கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று பார்த்தவுடன் தெரிந்துகொண்டேன்.

சம்பத் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, மீன் இருந்த பக்கம் திரும்பாமல், சோறும் தக்காளியும் மட்டும் மூன்று தட்டு சாப்பிட்டான். "எந்த எண்ணெய்னு மட்டும் கேட்டுடாதடா" என்று என் காதில் சொன்னான்.

நான் முள்கரண்டியால் சோற்றைத் தட்டு முழுக்கத் துரத்திக்கொண்டிருந்தேன். மிலா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உங்க வீட்டுல இப்படித்தான் சாப்பிடுவியா?"

"இல்லை. கையால."

"அப்ப இங்க எதுக்கு நடிக்கிறே?" என்று தன் கரண்டியை முதலில் கீழே வைத்தாள். அவளும் கையால்தான் சாப்பிட்டாள். விரல் நுனியில் சோற்றைச் சேர்த்து, கட்டைவிரலால் தள்ளி, சுத்தமாக. எங்கள் பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். இரண்டு பேருக்கும் அது இரவல் மொழி என்பதால் தப்பாகப் பேச வெட்கமே இருக்கவில்லை.

மேல்மாடியில் பணி ஓய்வு பெற்ற ஒருவர் குடியிருந்தார். கருவாட்டு நாற்றம் படியேறி வருகிறது என்று ஒரு சனிக்கிழமை சண்டைக்கு இறங்கி வந்தார். ஃப்ராவ் லென்ஸ் அமைதியாக, "வெள்ளிக்கிழமை நீங்கள் ஹேரிங் மீனை ஊறவைப்பது எனக்கு வாசனையாகவா இருக்கிறது?" என்று கேட்டார். அடுத்த மாதம் அதே மனிதர் சொந்தத் தட்டோடு வந்து பூண்டுச் சோறு கேட்டார். கருவாடு வேண்டாம், முட்டை மட்டும் என்றார்.

தனிப் பாத்திரம்

அவர்கள் ஊரில் புளி போட்டு ஒரு சூப் உண்டு. சினிகாங் என்பார்கள். அதைச் செய்ய ஆஹெனில் புளி கிடைக்கவில்லை. மிலா வினிகர் ஊற்றிப் பார்த்தாள், எலுமிச்சை பிழிந்து பார்த்தாள். சந்தையில் ருபார்ப் என்று ஒரு சிவப்புத் தண்டு விற்பார்கள், நன்றாகப் புளிக்கும். அதையும் போட்டுக் கொதிக்கவைத்தாள். தெஸ் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஜாமுக்குள்ள பன்னிக்கறி விழுந்த மாதிரி இருக்கு" என்றாள்.

என் அம்மா கப்பல் தபாலில் அனுப்பிய புளி ஒரு உருண்டை என்னிடம் இருந்தது. கொட்டை எடுத்து, உப்புப் போட்டு உருட்டியது. சம்பத் ரசத்துக்குப் பொன் போலக் காத்துவந்தான். அவனுக்குத் தெரியாமல் பாதியைப் பிய்த்துக் கொண்டுபோய் மிலாவிடம் கொடுத்தேன். அவள் அதை மூக்கருகில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். நன்றி சொல்லவில்லை. சொல்லாதது எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை பெரிய பாத்திரத்தில் பன்றிக்கறியும் முள்ளங்கியும் போட்ட சூப். வழி தவறிப்போன ரசம் மாதிரி இருந்தது. பக்கத்தில் மூடி போட்ட சின்னப் பாத்திரம் ஒன்று. வெறும் முள்ளங்கி, தக்காளி, புளி. கறி தொட்ட கரண்டி அதில் படக்கூடாது என்று வேறு கரண்டியும் வைத்திருந்தாள். "இது சம்பத்துக்கு" என்றாள்.

திருட்டு வெளிப்பட்டுவிட்டது. வாசனையிலேயே சம்பத் கண்டுபிடித்துவிட்டான். ஆனால் அந்தச் சின்னப் பாத்திரத்தைப் பார்த்தபிறகு அவனால் என்னைத் திட்ட முடியவில்லை.

எனக்கு அவள்மேல் ஆசை வந்தது அந்த நிமிஷம்தான். மூடியைத் திறந்து, தனிக் கரண்டியால் அவனுக்கு ஊற்றினாளே, அப்போது. இந்தப் பெண் என் வீட்டில் இருக்க வேண்டும், நான் இவள் வீட்டில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். இவ்வளவு வெளிப்படையாக அன்று எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. இப்போது சொல்ல என்ன தடை?

தட்டைத் திருப்பு

எட்டு நாற்பதுக்கு நான் எழுந்தாக வேண்டும். எட்டு ஐம்பதுக்குக் கடை வாசலில் பஸ். அதை விட்டால் உலை எனக்காகக் காத்திருக்காது. ஆகவே எல்லாச் சனிக்கிழமையும் பாதித் தட்டில் எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு ஓடுவேன்.

நான் எழுந்தவுடன் மிலா மேசையைத் தட்டுவாள். "தட்டு! தட்டு!" உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் அவரவர் தட்டை ஒரு சுற்றுத் திருப்புவார்கள். சாப்பாட்டின் நடுவில் ஒருவர் கிளம்பினால், மிச்சம் இருப்பவர்கள் தட்டைத் திருப்ப வேண்டும். அப்போதுதான் போகிறவர் பத்திரமாகப் போய்ச் சேருவார். அவர்கள் வீட்டு வழக்கம் அது.

"நான் போறது நாலு ஸ்டாப் தள்ளி" என்பேன்.

"நாலு ஸ்டாப்புல எவ்வளவோ நடக்கலாம்" என்பாள்.

சம்பத் வினயமாகத் திருப்புவான். ஃப்ராவ் லென்ஸ் சாப்பிடாவிட்டாலும், கல்லாவில் இருந்தபடியே காப்பித் தட்டைத் திருப்புவார். எனக்கு உள்ளூரச் சிரிப்பாக இருக்கும். அதே சமயம், பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், எனக்காக எட்டுத் தட்டுகள் சுற்றியிருக்கின்றன என்று நினைக்க நன்றாகவும் இருக்கும். அம்மாவை விட்டு வந்த பிறகு, நான் போய்ச் சேர்ந்தேனா என்று கவலைப்பட்டவர்கள் அவர்கள்தான்.

எட்டு ஐம்பது

இப்போது கோட்டைக் கழற்றிய அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

அன்று வழக்கத்தைவிட அதிகம் சமைத்திருந்தாள். நர்ஸுகள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். மிலாவும் உட்கார்ந்தாள். எனக்கு நேர் எதிரே. நான் எல்லாரும் எழுந்து போகட்டும் என்று காத்திருந்தேன். சுவரோரம் ஒரு சின்ன சூட்கேஸ் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"இது யாருது?"

தெஸ்தான் சொன்னாள். "நேத்துச் சாயங்காலம் தந்தி வந்துச்சு. அம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துடுச்சு. எங்கள்ல ஒருத்தர் போகணும். எனக்கு லீவு கிடைக்கலை. இவ போறா."

"எப்போ?"

"இப்போ" என்றாள் மிலா. "எட்டு ஐம்பது பஸ். உன் பஸ்தான்."

ஆஹென் பஸ்கள் நேரம் தவறியதில்லை. நாங்கள்தான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. முன்பக்க ஜன்னலின் ஆவியைத் துடைத்துப் பார்த்த சம்பத், "பஸ் வந்துடுச்சு" என்றான். மிலா பாதித் தட்டில் எழுந்தாள். கோட்டை எடுத்து ஒரு தோளில் போட்டுக்கொண்டாள். மேசையைத் தட்ட அன்று யாரும் இல்லை. ஆனாலும் பின்னால் பீங்கான் தட்டுகள் சுற்றும் சத்தம் எனக்குக் கேட்டது.

நான் தட்டைத் திருப்பவில்லை. சூட்கேஸை இடது கையில் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் ஓடினேன்.

"மிலா, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"வந்ததும் கேளு. ஆறு வாரம்."

பஸ் படியில் சூட்கேஸை வைத்தேன். டிரைவர் எங்களைப் பார்த்தார். மிலா படியில் ஒரு கால் வைத்துத் திரும்பி, எனக்குக் கையை நீட்டினாள்.

என் வலது கையில் பருக்கை ஒட்டியிருந்தது. வினிகரும் கருவாட்டு எண்ணெயும். எச்சில் கை. சாப்பிட்ட கையால் ஒருவரையும் தொடக்கூடாது என்பது எனக்கு எப்போது, யார் சொல்லிக் கொடுத்தது என்றுகூட நினைவில்லை. மூச்சு விடுவது மாதிரி அது தானாக நடக்கும். நான் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். இடது கையை நீட்டலாமா? அது அதைவிட அவமரியாதை. ஆகவே ஒரு கையையும் கொடுக்காமல், தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு மரமாக நின்றேன்.

அவள் கை கொஞ்ச நேரம் அப்படியே நீண்டிருந்தது. பிறகு மடங்கியது. படியேறிவிட்டாள்.

கதவு மூடியது. ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தவள், கண்ணாடியில் உள்ளங்கையைப் பதித்தாள். பஸ் நகர்ந்தது. அவள் கையை எடுத்த இடத்தில் ஐந்து விரலும் எண்ணெயாகப் பதிந்திருந்தன. நடுவிரல் இருந்த இடத்தில் ஒரு பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது.

அவளும் கை கழுவாமல்தான் எழுந்து வந்திருந்தாள். அவள் நீட்டியதும் எச்சில் கைதான். அது எனக்கு நாலு ஸ்டாப் தூரத்துக்குப் பஸ் போன பிறகுதான் உறைத்தது.

உள்ளே வந்தேன். என் தட்டு திரும்பியிருந்தது. கருவாட்டுத் தலை எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"உன்னோடதையும் நானே திருப்பிட்டேன்டா" என்றான் சம்பத். கருவாடு இருந்த தட்டை அவன் தொட்டது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.

ஆறு வாரம்

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாள். தட்டுகள் தம் வேலையைச் செய்தன. திரும்பி வருவதற்கு அந்த வழக்கத்தில் எதுவும் இல்லை போலும்.

ஆறு வாரம் எட்டானது, பன்னிரண்டானது. அம்மா படுக்கையோடு கிடந்தார். தூக்கி உட்காரவைக்க, சோறு ஊட்ட ஆள் வேண்டும். மிலா அங்கேயே தங்கிவிட்டாள். சனிக்கிழமைகளில் தெஸ்தான் சமைத்தாள். பூண்டை எப்போதும் தீய்த்தாள். தீய்ந்த பூண்டைத் தின்றுவிட்டு நான் உலைக்குப் போனேன். பாதியில் எழுந்து போக எனக்கு மறுபடியும் காரணம் கிடைத்திருந்தது.

மூன்று மாதம் கழித்துத் தெஸ் ஒரு கடிதத்தைப் பிரித்து, மடித்த பக்கத்தைப் பார்த்துச் சொன்னாள். "மிலா உங்கிட்ட ஒண்ணு கேக்கச் சொல்லியிருக்கா. அன்னிக்கு அவ கை எண்ணெயா இருந்ததாலதான் நீ தொடலையான்னு."

மூன்று மாதமாக நோயாளி அம்மாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, தன் கையை நினைத்துக் கூசிப்போயிருக்கிறாள். நான் வெட்கப்பட்டது என் கைக்காக.

அன்றே உட்கார்ந்து எழுதினேன். எச்சில் என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதினாலும் ஏதோ வியாதி மாதிரி இருந்தது. கிழித்தேன். கேட்க நினைத்த கேள்வியைச் சேர்த்து எழுதினேன். படுக்கையில் கிடக்கும் தாயை விட்டு வா என்கிற மாதிரி இருந்தது. அதையும் கிழித்தேன். பரீட்சை முடியட்டும், கிறிஸ்துமஸ் கழியட்டும் என்று தள்ளிப்போட்டேன். உலையில் ஒரு டிகிரி பிசகாமல் குறித்தவனுக்கு ஒரு கடிதம் எழுத முடியவில்லை. பனி உருகிய சமயத்தில், மிலாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று தெஸ் சொன்னாள். "நல்லது" என்றேன். அந்த ஒரு சொல் போதாதென்று "வாழ்த்துச் சொல்லுங்க" என்றும் சேர்த்துச் சொன்னேன். பதில் மட்டும் அனுப்பவில்லை.

கோழை என்று என்னைத் திட்டிக்கொள்ள இந்த வயதில் எனக்குத் தயக்கம் இல்லை.

இந்தக் கதை என் மனைவிக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரியும். பூண்டுச் சோறு நன்றாகச் செய்வாள். நான் சொல்லிக்கொடுத்ததுதான். என்றைக்காவது நான் தட்டைப் பார்த்தபடி பேசாமல் இருந்தால், "ஆஹெனுக்குப் போயாச்சா?" என்று கேட்பாள்.

போன மாதம் மகள் வந்திருந்தாள். கிளம்புகிற அன்று ஏர்போர்ட் டாக்ஸி கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது. பாதி இட்லியில் எழுந்தாள், ஒரு தோளில் பை. அவள் எழுந்ததும் என் மனைவி தன் தட்டை ஒரு சுற்றுத் திருப்பினாள். என் தட்டையும் திருப்பினாள். நான் எழுந்து மகள் பின்னால் வாசலுக்குப் போனேன்.

டாக்ஸியில் ஏறியவளின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா, என்னப்பா இது, கை கழுவலையா நீங்க?"

"நீயும்தான்மா கழுவலை" என்றேன்.